சுவரில் தலைகீழாக என் மகன்

ஆகஸ்ட் 8, 1531

ஆண்டவருக்கும் மாதாவுக்கும் முதல் வணக்கம். கோர்னோ வீட்டாருக்கு, எப்போதும்போல, ஒன்றும் கிடையாது.

எனக்கு எழுத்து வந்தது கன்னியர் மடத்தில், ஒரே ஒரு குளிர்காலம். பிறகு கயிறு திரிக்க ஆள் போதவில்லை என்று அப்பா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஞாபகசக்தியை மட்டும் யாரும் கற்றுத் தரவில்லை, தானாகவே வந்தது. இந்த மோந்தெல்வா ஊரில் யார், யாரிடம், என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது. அதனால்தான் பாதி ஊர் என்னைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போகிறது.

இன்று எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. நம் ஊரின் வரலாற்றை எழுத ஊர்ச் சபை ஒரு பண்டிதரை வரவழைத்திருக்கிறது. சத்திரம் நிறையத் திராட்சை வியாபாரிகள் என்பதால் என் மாடி அறையை அவருக்குக் கேட்டார்கள். பெயர் ஃபுல்வியோ. ஒல்லியான மனிதர், கோவேறு கழுதை சுமக்க முடியாமல் இரண்டு பெட்டி புத்தகம், ஒரே ஒரு நல்ல சட்டை.

வரலாறு என்றால் முற்றுகை வரும். முற்றுகை வந்தால் என் மகன் நான்னி வருவான்.

பத்தொன்பது வருடம் முன்பு கூலிப்படைத் தலைவன் ரனியேரி நம் ஊரைச் சுற்றி வளைத்தபோது, வெளியே போய்வர மிச்சமிருந்த ஒரே வழியான ஆற்று வாசலின் காவல் நான்னியுடையது. பொழுது சாய்ந்ததும் கதவைச் சாத்த வேண்டும். சாத்தவிடாமல் நிறுத்தியவர் குவால்தியேரி தெல் கோர்னோ. அவருடைய மது வண்டிகள் இன்னும் வெளியே இருந்தன. வண்டிகளின் பின்னாலேயே எதிரியின் குதிரைகள் உள்ளே வந்தன. நான்னி அந்த வாசலிலேயே வெட்டுப்பட்டுச் செத்தான். எதிரி காசு வாங்கிக்கொண்டு அவன்தான் கதவைத் திறந்தான் என்று பிறகு சத்தியம் செய்தவரும் அதே குவால்தியேரி. மகனுக்குச் சாப்பாடு எடுத்துப் போன நான், தெரு மேட்டிலிருந்து என் கண்ணால் பார்த்தேன். தாய் சொல்லும் சாட்சி செல்லாது என்றார்கள்.

அதோடு விட்டார்களா? துரோகிகளுக்குச் செய்வதுபோல, சபை மண்டபத்தின் வெளிச்சுவரில், ஒற்றைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்குகிற மாதிரி நான்னியை வரைந்து வைத்தார்கள். இன்றுவரை தொங்குகிறான். நான் அந்தச் சுவரை ஒரு தடவையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சந்தைக்கு மீன்காரர் சந்து வழியாகச் சுற்றித்தான் போவேன்.

பண்டிதருடைய புத்தகம் ஒரு வரியில் உண்மையைச் சொன்னால் போதும், அந்தப் படத்தைச் சபை அழித்தாக வேண்டும். இது நடக்காமல் நான் சாவதாக இல்லை.

பண்டிதருக்கு இரவு கொண்டைக்கடலை சூப் வைத்தேன். பூண்டு அதிகம் போட்டேன். பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 11

அத்திப்பழம் அறுத்துக் காயவைத்தோம். நான்னியின் மகள் ஜினெவ்ரா குளவி விரட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு பாதியைத் தின்றுவிட்டாள். அப்பன் செத்த பிறகு பிறந்தவள். தாயும் பிரசவத்தில் போய்விட்டாள். பீப்பாய்க்காரர் மகன் இவளைக் கட்டிக்கொள்ளத் தயார். அவன் அப்பாதான், "அவ அப்பன் சுவத்துல தொங்கற வரைக்கும் பேச்சே வேண்டாம்" என்கிறார். அதையும் ஞாபகத்தில் வைத்திருக்கிறேன்.

பண்டிதர் எவ்வளவு எழுதியிருக்கிறார் என்று கேட்டேன்.

"முதல் அத்தியாயம் முடிஞ்சுதும்மா. ஊர் பிறந்த கதை. மோந்தெல்வாவை நிறுவினது எர்குலிஸ்."

"யாரு?"

"எர்குலிஸ். சிங்கத்தைக் கொன்ன வீரர்."

"எங்க ஊரை நிறுவினது ஆடு மேய்க்கிறவன் ஒருத்தன். அவனுக்குக் காலு வலிச்சுது, உக்காந்துட்டான்."

"அதை எப்படிம்மா புத்தகத்துல எழுதறது?"

"காலு வலிச்சுதுன்னு எழுதுங்க."

ஜினெவ்ரா சிரித்த சிரிப்பில் கோழி எல்லாம் கூரை ஏறிவிட்டது.

ஆகஸ்ட் 15

மாதா திருநாள். வாத்து அறுத்தோம். பண்டிதர் இரண்டு கால்களையும் தின்றார்.

ஆகஸ்ட் 23

இன்று எனக்குப் பொல்லாத கோபம். ஆனாலும் சிரிப்பு வந்தது.

பண்டிதர் முற்றுகைக்கு வந்துவிட்டார். மேலே நடந்துகொண்டே உரக்க வாசிப்பது அடுப்படிக்குக் கேட்டது. ரனியேரி தன் படையைப் பார்த்துப் பேசுகிறானாம். "வீரர்களே! விதி உங்கள் கைகளில் தன் சாவியை வைத்திருக்கிறது" என்று தொடங்கி, ஒரு பானை கடலை வேகும் நேரம் பேசுகிறான்.

கரண்டியோடு மேலே ஏறிப் போனேன்.

"ஐயா, அன்னிக்கு அந்தக் கருந்தாடிக்காரனுக்குப் பல்லு வலி. கன்னத்துல துணி கட்டியிருந்தான். மதில்மேல இருந்து நாங்க எல்லாரும் பாத்தோம். அவன் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: 'ஏணியைத் தூக்குங்கடா நாய்களா.'"

"இருக்கலாம்மா. ஆனா போருக்கு முன்னாடி தளபதி பேசியே ஆகணும். உரோமர்கள் அப்படித்தான் வரலாறு எழுதினாங்க. அவர் நிஜமா என்ன சொன்னார்ங்கறது வேற. அந்த இடத்துல என்ன சொல்லியிருக்கணுமோ, அதை நாம எழுதிக் குடுக்கறோம்."

"இது பொய் இல்லையா?"

"பேச்சு பொய் இல்லைம்மா. படிக்கிறவங்களுக்குத் தெரியும். யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. சொல்லப்போனா, தன்னோட தாத்தாவுக்கு ஒரு பேச்சு கிடைக்காதான்னு பெரிய வீட்டுக்காரங்க எல்லாம் ஏங்குவாங்க."

படித்தவர்களுக்கு வெட்கம் கிடையாது என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். சூப் அடிப்பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 24

ஆற்று வாசல் கதையை இன்று முழுதும் அவருக்குச் சொன்னேன். குவால்தியேரி எந்தக் குதிரையில் உட்கார்ந்திருந்தார், வண்டிக்காரன் எந்தக் கையில் சாட்டை வைத்திருந்தான், மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது, எல்லாம். அவர் எழுதவே இல்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவங்க பேசினது உங்க காதுல விழுந்துதா?"

"இல்லை. நான் மேட்டுல இருந்தேன். கை ஆட்டறது தெரிஞ்சுது."

"வேற யாராவது பக்கத்துல?"

"பெப்போ. நான்னியோட காவல் நின்னவன். கால்ல வெட்டு, உசிரு தப்பினான். விசாரணை அன்னிக்கு ஊமையாயிட்டான். அன்னியிலேருந்து அவன்கூட நான் பேசறதில்லை."

பண்டிதர் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "சபைத் தலைவர் இப்போ குவால்தியேரியோட மகன் லாப்போ. என்னை வரவழைச்சது அவர்தான்" என்றார்.

"தெரியும். அதனால?"

"அதனால ஒண்ணுமில்லைம்மா. யோசிக்கறேன்."

யோசிக்கிறாராம். பயம் என்பதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர்.

"உங்க மகன் நல்லாப் பேசுவாரா?" என்று கேட்டார்.

நான்னி நிதானமாகப் பேசுகிறவன் என்றேன்.

செப்டம்பர் 2

பெப்போவிடம் ஜினெவ்ராவை அனுப்பினேன். நான் போக மாட்டேன். பண்டிதர் முன்னால் வந்து பார்த்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்கச் சொன்னேன்.

திரும்பி வந்தவள், "கதவைத் திறக்கவே இல்லை பாட்டி. உள்ள இருந்தே, 'நான் ஓட்டற மாவு மில்லு லாப்போ ஐயாவோடதுன்னு உங்க பாட்டிக்கிட்ட சொல்லு'ன்னார்" என்றாள்.

"வேற?"

"ஒரு பை மாவு குடுத்தார்."

"திருப்பிக் குடுத்தியா?"

"நல்ல மாவு பாட்டி."

ரொட்டி சுட்டோம். நன்றாகத்தான் வந்தது. அவனை மன்னித்ததாக இதற்கு அர்த்தம் இல்லை.

செப்டம்பர் 9

இன்று ஒரு கோர்னோ என் வீட்டு வாசற்படி ஏறினான். எழுதவே கை கூசுகிறது.

லாப்போ புது வெல்வெட்டுச் சட்டையில், பூனைக்குட்டிக்கு மணி கட்டினதுபோல வந்தான். எனக்கு ஒரு தலையாட்டல். நேரே மாடிக்குப் போனான். நான் மாடிப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். வெங்காயம் எங்கே வேண்டுமானாலும் உரிக்கலாம்.

"ரனியேரி பேச்சைப் படிச்சேன். பிரமாதம்!" என்றான் லாப்போ. "ஆனா எங்க பக்கத்துல யாருமே பேசலையே? எதிரி மட்டும் பேசி, ஊரு வாய மூடிக்கிட்டு இருந்த மாதிரி இருக்கு."

"எனக்கும் அதுதான் உறுத்தலா இருந்தது," என்றார் பண்டிதர். "உங்க அப்பா மாதிரி ஒருத்தர் அந்த மாலை ஆற்று வாசல்ல இருந்திருக்கார். அவருக்கு ஒரு பேச்சு இல்லேன்னா புத்தகத்துக்கே குறை."

"நீளமா இருக்கட்டும்."

"நீளமாத்தான். ஆனா ஒருத்தர் பேசினா எதிர்ல ஒருத்தர் பேசணும். உரோமர்கள் வழக்கம். இல்லேன்னா உங்க அப்பா சுவத்துக்கிட்ட பேசின மாதிரி ஆயிடும்."

"அந்தக் காவக்காரப் பயல் பேசட்டுமே. கடைசியில எங்க அப்பா ஜெயிச்சா சரி."

"அவர்தான் ஜெயிப்பார். மறுக்க முடியாத மாதிரி."

"திருநாள் அன்னிக்கு லத்தீன்ல வாசிப்பீங்களா?"

"ஐயோ, வேண்டாம். நம்ம மொழியிலதான். இல்லேன்னா உங்க அப்பா பேசினது மீன்காரிக்கு எப்படிப் புரியும்?"

லாப்போ போகும்போது என் வெங்காயக் கூடையைத் தாண்டிப் போனான், ஏதோ சாக்கடையைத் தாண்டுவதுபோல.

என் மகனை எதிரில் நிறுத்தி, அந்தக் கொள்ளைக்காரக் குவால்தியேரி பேச்சில் ஜெயிக்கப் போகிறானாம். என் சூப்பைக் குடித்துக்கொண்டு இதை எழுதப் போகிறாராம்.

அதே நாள், சாயந்திரம்

பண்டிதரின் மெத்தையைத் தெருவில் போட்டேன். பிறகு பெட்டிகளை. எர்குலிஸ் அத்தியாயத்தை மட்டும் தனியாக எடுத்து, சாம்பல் தொட்டியில் போட்டேன்.

அவர் தெருவில் நின்று கெஞ்சினார்: "பெர்த்தாம்மா, நான் சொல்றதை ஒரு நிமிஷம் கேளுங்க."

"சொன்னதைத்தான் கேட்டேனே, படியில உக்காந்து."

"கேட்டீங்களா? முழுசாவா? அப்புறமும் கோவமா?"

கடைசியில் அவர் முகத்தில் சிரிப்பு வந்ததுபோல் இருந்தது. அதற்காகவே அந்த ஒரே நல்ல சட்டையையும் அவர் மேலேயே விட்டெறிந்தேன்.

செப்டம்பர் 13

திராட்சை பறிப்பு. இடுப்பு போய்விட்டது. பண்டிதர் கோயில் மணிக்கூண்டின் அடி அறையில் படுக்கிறார் என்று ஜினெவ்ரா சொன்னாள். நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 15

சூப் மிஞ்சிவிட்டது. ஜினெவ்ராவிடம் கொடுத்தனுப்பினேன். யார் குடித்தார்கள் என்று விசாரிக்கவில்லை. பானை கழுவித் திரும்பி வந்தது.

செப்டம்பர் 20

இதைக் கேட்டால் இறந்தவர்கூட எழுந்து உட்காருவார்.

சந்தையில் லாப்போவைப் பார்த்தேன். எண்ணெய்க் கடைக்குப் பின்னால் தனியாக நின்று, வலது கையை உயர்த்தி, இடது கையை மார்பில் வைத்து, வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டிருந்தான். காய்ச்சலோ என்று நினைத்தேன். எண்ணெய்க்காரி சொன்னாள்: "உங்களுக்குத் தெரியாதா? திருநாள் அன்னிக்கு அவங்க அப்பா பேச்சை அவரே சொல்லப்போறாராம். பண்டிதர் வாசிச்சா பத்தாதாம். மனப்பாடம் பண்றார்."

"அந்தப் பேச்சுல என்ன இருக்கு?"

"யாருக்குத் தெரியும்? ரொம்ப உசந்த பேச்சாம். அவருக்கே பாதி புரியலைன்னு அவர் வேலைக்காரி சொன்னா."

வீட்டுக்கு வந்து ஒரு தட்டு உடைத்தேன். விரிசல் விட்ட தட்டுதான்.

செப்டம்பர் 28

நாளை புனித மிக்கேல் திருநாள். நான் போகப் போவதில்லை. சதுக்கத்தில் நிற்க வேண்டும், நின்றால் எதிரில் அந்தச் சுவர்.

ஜினெவ்ரா, "பண்டிதர் உங்களை அவசியம் வரச் சொன்னார் பாட்டி. முன் வரிசையில நிக்கணுமாம்" என்றாள்.

"எதுக்கு? என் மகன் தோக்கறதைப் பாக்கவா?"

"எனக்குத் தெரியாது. ஆனா அவர் சொல்லும்போது காது ரெண்டும் சிவந்திருந்துது. பயந்தும் இருந்தார், சந்தோஷமாவும் இருந்தார். நான் போறேன். என் அப்பாவைப் பத்தி யார் என்ன பேசினாலும் எனக்குக் கேக்கணும்."

வாயாடி. என்னைப்போல.

செப்டம்பர் 29, புனித மிக்கேல்

ஒன்றும் விடாமல் எழுதப் போகிறேன்.

போனேன். கறுப்பு முக்காடு போட்டுக்கொண்டு, சுவருக்கு முதுகு காட்டி, முன் வரிசையில் நின்றேன். சதுக்கம் முழுக்க ஜனம். மேடையில் கம்பளம் விரித்திருந்தார்கள். பெப்போவும் நொண்டிக்கொண்டு வந்து எனக்கு இரண்டு ஆள் தள்ளி நின்றான். நான் திரும்பவில்லை.

பண்டிதர் வாசிக்கத் தொடங்கினார். எர்குலிஸ் வந்தார், போனார். சாம்பல் கறை படிந்த பக்கங்கள் எனக்குத் தெரிந்தன. ரனியேரி பேசினான். ஜனம் வாயைப் பிளந்து கேட்டது. மதில்மேல் நின்று அவன் பல்வலியைப் பார்த்துச் சிரித்த கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு ஆற்று வாசல்.

பண்டிதரின் குரல் மாறியது. நான்னி பேசினான்.

"ஐயா, பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்த வேண்டும் என்பது உம் முன்னோரும் என் முன்னோரும் சேர்ந்து இட்ட சட்டம். ஆற்றுக்கு அப்பால் எதிரியின் தீப்பந்தங்கள் தெரிகின்றன. உம் வண்டிகள் வெளியே நின்றால் நீர் ஒருவர் இழப்பீர். இக்கதவு திறந்து நின்றால் எல்லாரும் இழப்போம். நான் ஏழையின் மகன். எனக்கென்று இந்த ஊரைத் தவிர வேறு சொத்து இல்லை. அதைக் காக்க விடும்!"

என் மகன் இப்படிப் பேசிக் கேட்க நான் என்னவெல்லாம் கொடுத்திருப்பேன்.

அப்போது லாப்போ மேடையின் முன்னால் வந்தான். வலது கை மேலே. இடது கை மார்பில். அவன் அப்பனுடைய குரலையே கொண்டுவந்துவிட்டான்.

"இளைஞனே! சட்டம் கோழைகளின் வேலி! அந்த வண்டிகளில் வருவது வெறும் மது அல்ல, மோந்தெல்வாவின் குருதி! நான், குவால்தியேரி தெல் கோர்னோ, ஆணையிடுகிறேன். என் கடைசி வண்டியின் கடைசிச் சக்கரம் உள்ளே உருளும்வரை இக்கதவு அசையாது. உன் கையைக் கதவிலிருந்து எடு! விளைவது எதுவாயினும், அதை இந்தத் தோள்கள் சுமக்கும்!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். புறா எல்லாம் பறந்தது. லாப்போ கண்ணீரோடு குனிந்து வணங்கினான்.

நான் கைதட்டவில்லை. அசையாமல் நின்றேன். அவன் சொன்னதை மனதுக்குள் ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். பண்டிதரைப் பார்த்தேன். அவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காது இரண்டும் நெருப்பாகச் சிவந்திருந்தன.

அந்த நேரம் பார்த்துப் பெப்போ கத்தினான்.

"அட, என்னய்யா கதை இது! நான் அங்கதானே நின்னேன்! இப்படி எவன் பேசினான்? நான்னிக்குத் திக்குவாய்! காலையில வணக்கம் சொல்ல ஆரம்பிச்சா மதியம்தான் முடிப்பான்!"

கூட்டம் சிரித்தது. லாப்போவின் முகம் வெளுத்தது.

"அப்போ எங்க அப்பாவும் பேசலைன்னு சொல்றியா?"

"ஒரு மண்ணும் பேசலை. சாட்டையைத்தான் ஆட்டினார்."

"கிழட்டு நாயே! குடிச்சிட்டு வந்து எங்க அப்பா பேரைக் கெடுக்கறியா?" லாப்போ மேடை விளிம்புக்கே வந்துவிட்டான். கண் கூட்டத்தைத் துழாவியது. என்மேல் வந்து நின்றது. "பெர்த்தாம்மா! நீங்களும் அன்னிக்கு அங்க இருந்தீங்க. பத்தொன்பது வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டு இருக்கீங்க! சொல்லுங்க எல்லாருக்கும். எங்க அப்பா இப்படிப் பேசினாரா இல்லையா?"

பத்தொன்பது வருடம் செல்லாமல் கிடந்த என் சாட்சி. ஒரு கோர்னோ, ஊர் முன்னால், என்னிடம் கெஞ்சிக் கேட்கிறான்.

"பேசினார்," என்றேன். "ஒரு வார்த்தை குறையாம, நீங்க இப்போ சொன்ன மாதிரியே. என் மகனும் அப்படியேதான் பேசினான். கொஞ்சம் நிதானமா."

"கேட்டீங்களா!" என்று லாப்போ இரண்டு கைகளையும் விரித்தான். "பெத்த தாயே சொல்றாங்க! என் அப்பா பேசின ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். வேதப் புத்தகத்துமேல கை வெச்சுச் சொல்லுவேன்!"

யாரும் கைதட்டவில்லை. பின்னாலிருந்து மீன்காரி, கெளுத்தி விலை கேட்கும் அதே குரலில், "அப்படின்னா கதவைத் திறந்து வைக்கச் சொன்னது உங்க அப்பாதானா ஐயா?" என்றாள்.

லாப்போவின் கைகள் விரித்தபடியே நின்றன. தான் மனப்பாடம் செய்ததை அவன் அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டான் என்று நினைக்கிறேன்.

பெப்போ தொப்பியைக் கழற்றிவிட்டான். இந்த முறை கத்தவில்லை. "மது வண்டிக்காகத்தான் காத்துக் கிடந்தோம்," என்றான். "நான்னி 'முடியாது'ன்னு சொல்ல ஆரம்பிச்சான். மு... மு...ன்னு நின்னுட்டான். அவன் சொல்லி முடிக்கறதுக்குள்ள வண்டி பாதி உள்ள வந்துடுச்சு. கதவைச் சாத்த முடியலை. அவன் ஓடலை. நான் ஓடினேன்."

மில்லு போகும் என்று தெரிந்தேதான் சொன்னான். அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், பேசவில்லை.

பொய் சொன்னேனா என்று பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் கேட்டால், கேட்கும் தூரத்தில் நான் இல்லை என்று சொல்வேன். வண்டி நின்றது, கதவு நின்றது, என் மகன் நின்றான். அதைப் பார்த்தேன்.

செப்டம்பர் 30

விடியும் முன் பண்டிதர் விடைபெற வந்தார். லாப்போவுக்கு முழுதும் உறைக்கும் முன்னால் மலை தாண்டிவிடுவது நல்லது என்று நானே சொன்னேன். கழுதைக்குக் கொள்ளு வைத்தேன், அவருக்கு ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக் கொடுத்தேன்.

"படியில உக்காந்து முழுசாக் கேட்டேன்னு சொன்னீங்களே. அப்பவே புரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்," என்றார்.

"நீங்க மொகத்தை ஒழுங்கா வெச்சிருந்தா புரிஞ்சிருக்கும்."

"உங்க மகனுக்கு நான் எழுதின பேச்சு..."

"நல்லா இருந்தது. அவன் மனசுல அதுதான் இருந்திருக்கும். வெளிய வர நேரம் ஆகும், அவ்வளவுதான்."

அவர் என் கையை முத்தமிட்டார். வெங்காயக் கை. முகம் சுளிக்காமல் முத்தமிட்டார். ஊரை நிறுவினது எர்குலிஸ் என்றே இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அக்டோபர் 3

ஊரெல்லாம் இதே பேச்சு. லாப்போ இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தானாம். அப்பா பேச்சைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம் என்று சபையில் யாரோ சொல்லப்போக, துள்ளிக் குதித்துவிட்டானாம். அந்தப் பேச்சு போவதற்கு அவன் சம்மதிக்கவே மாட்டான் என்று எண்ணெய்க்காரி சொன்னாள். ஆனால் பேச்சு நிற்கவேண்டுமென்றால் எதிரில் ஒருவன் நிற்க வேண்டும் அல்லவா? "எங்க அப்பா ஒரு துரோகிகிட்ட நின்னு இவ்வளவு உசந்த பேச்சு பேசியிருப்பாரா? அந்தக் காவக்காரன் கௌரவமானவன்தான்!" என்று லாப்போவே சபையில் சொன்னானாம். கூடவே, அன்றைய குற்றம் விதியுடையது, வண்டி மாடுகளுடையது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

மாடுகள் மறுக்கப் போவதில்லை. நானும் இப்போதைக்கு விட்டுவிட்டேன். இப்போதைக்கு மட்டும்.

அக்டோபர் 6

சபையில் அவரைக்காய் விதை போட்டு முடிவெடுத்தார்கள். கறுப்பு விதை சுவர்ப் படத்தை அழிப்பதற்கு, வெள்ளை விடுவதற்கு. பையைக் கவிழ்த்தபோது மேசையெல்லாம் கறுப்பாம்.

பீப்பாய்க்காரர் ஒரு புதுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, பெண் கேட்டுத் தானே வந்து நின்றார். உட்காரச் சொல்ல எனக்குச் சற்று நேரம் பிடித்தது. நன்றாகக் கால் கடுக்கட்டும் என்றுதான்.

அக்டோபர் 9

இன்று சுவரைப் பூசினார்கள்.

நல்ல பாவாடை கட்டிக்கொண்டு, மீன்காரர் சந்து வழியை விட்டுவிட்டு, பெரிய தெரு வழியாகவே போனேன். ஜினெவ்ரா கூட வந்தாள். ஓவியன் மாஸோ ஏணி மேல் இருந்தான். அன்று வரைந்தவனும் அவன்தான், இன்று கிழவன். வாளியில் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டிருந்தது.

"சீக்கிரம் அடிடா," என்றேன். ஊர் முழுக்கக் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

சாயம் மங்கியிருந்தது. ஆனால் நான்னிதான். அந்த மூக்கு, கயிற்றுப் பட்டறையில் விழுந்து உடைந்த மூக்கு. காதோரம் சுருண்ட முடி. வாய் லேசாகத் திறந்து, ஏதோ சொல்லத் தொடங்கி நிற்கிற வாய். எங்களைப்போன்றவர்கள் வீட்டில் படம் எங்கே இருக்கும்? அவன் முகம் இந்த உலகத்திலேயே இந்த ஒரு சுவரில்தான் இருந்தது. நான் பத்தொன்பது வருடம் சந்து வழியாகச் சுற்றிப் போனேன்.

"நேர்ல பாத்துப் பழகினவன் பெர்த்தாம்மா," என்றான் மாஸோ மேலிருந்து. "அதான் கை தானா வந்துது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நிறுத்துடா!" என்றேன். "கொஞ்சம் நிறுத்து."

கழுத்தை அப்படித் திருப்பிப் பார்த்தேன், இப்படித் திருப்பிப் பார்த்தேன். தலைகீழ் முகம் பிடிபடவே இல்லை.

ஜினெவ்ரா என் கையைப் பிடித்து மெதுவாகச் சுவருக்கு முதுகு காட்டித் திருப்பினாள்.

"இப்படி நிக்கணும் பாட்டி. காலைக் கொஞ்சம் அகட்டுங்க. இப்போ குனிஞ்சு, காலுக்கு நடுவுல பாருங்க. அப்பா நேராத் தெரிவார்."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"சின்ன வயசிலேருந்து வருவேன். நீங்க சந்தைக்குப் போற நேரம் பாத்து."

இந்த வயதில், இந்த இடுப்பை வைத்துக்கொண்டு, சதுக்கத்தின் நடுவில் நான் குனிந்தேன். பாவாடை காற்றில் புடைத்தது. எவனோ சிரித்தான், அவன் குரலை அடையாளம் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஜினெவ்ராவும் குனிந்தாள். சுவர் திரும்பியது, வானம் கீழே போனது, என் மகன் நிமிர்ந்து நின்றான்.

"பாத்தீங்களா?"

"இரு."

"பாட்டி, இடுப்பு பிடிச்சுக்கும்."

"இருடி. அவசரப்படுத்தாதே. அவன் இன்னும் சொல்லி முடிக்கலை."